மூன்று மூச்சு நேரம்

நான் ஜால்ரா போடுகிறவன். சிரிக்க வேண்டாம். நிஜமான வெண்கல ஜால்ரா. தேரிக்காட்டுச் செம்மணல் மேட்டில் இருக்கிற கல்விளக்கு மடத்தில், வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம், பதினேழு வருஷமாக இதே வேலை. எனக்குப் பாட்டு வராது. தாளம் மட்டும் தப்பாது. அதனால் மற்றவர்கள் கண்ணை மூடியிருக்கும்போது நான் திறந்து வைத்திருப்பேன். அப்படிப் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓடு போட்ட ஒரு கூடம். நடுவில் ஓர் ஆள் உயரத்துக்குக் கல்லில் செய்த விளக்கு. சிலை கிடையாது. அந்த விளக்குதான் சாமி. பொழுது சாயும்போது உப்பளத்து ஜனங்களும், பீடி சுற்றுகிற பெண்களும், பனையேறிகளும் வந்து உட்காருவார்கள். ஒருவர் ஒரு அடி பாடுவார். அது முன்பாட்டு. கூடம் முழுக்க அடுத்த அடியைப் பாடிப் பதில் சொல்லும். அது பின்பாட்டு. அவ்வளவுதான் பூசை.

"கூப்பிட வந்தோம் உன் வாசல்" என்று முன்பாட்டுக்காரர் எடுப்பார்.

"கும்பிட வந்தோம் உன் வாசல்" என்று ஜனங்கள் முடிப்பார்கள்.

மடத்துக்குப் பெரியவர் உலகம்மை அம்மா. பெரியவர் என்றேனே தவிர, வயது நாற்பத்திரண்டுதான். முன்னால் பீடி சுற்றிக்கொண்டிருந்தவர். இலை வெட்டின கத்தரி இன்னும் அவர் இடுப்பில் இருக்கிறது. இப்போது அதில் விளக்குத் திரி நறுக்குகிறார். அதிகம் பேச மாட்டார். பேசிவிட்டால் அன்றைக்கு நமக்கு வேறு வேலை ஓடாது.

அவருடைய சீடர் மாசிலாமணி அண்ணாச்சி. அம்மாவைவிடப் பதினான்கு வயது மூத்தவர். முப்பது வருஷம் நாடக மேடையில் ராஜா வேஷம் கட்டியவர். மைக் இல்லாத ஊர்களில் கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடிப் பழகிய குரல். ஐந்தரைக் கட்டை என்கிற உச்சத்தில் சுருதி வைத்துக்கொண்டு அதற்கும் மேலே ஏறி விளையாடுவார். சம்சாரம் போன பிறகு, ஒரு தகரப் பெட்டியோடு இங்கே வந்து சேர்ந்தார்.

"எதுக்கு வந்திருக்கீங்க?" என்று அம்மா கேட்டார்.

"முப்பது வருஷம் ஜனங்களுக்குப் பாடினேம்மா. கேட்டாங்க. சாமிக்குப் பாடினா அது கேக்குதான்னு தெரியணும். ஒரு பதில். ஒரே ஒரு தடவை வந்தாப் போதும்."

"இருங்க," என்றார் அம்மா.

இருந்தார். நாலரை வருஷம். தண்ணீர் இறைத்தார், கூடம் கூட்டினார், பின்வரிசையில் உட்கார்ந்து பின்பாட்டுப் பாடினார். ராஜா வேஷம் கட்டினவர் என்று யாரிடமும் அவராகச் சொன்னதில்லை. நல்ல மனுஷர். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பின்னால் வரப்போகிறதைக் கேட்டுவிட்டு அவரைப் பற்றி வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது.

அப்போதெல்லாம் முன்பாட்டுக்காரர் பொன்னுலிங்கம். சந்தையில் பானை விற்கிறவர். குரல் என்று சொல்ல அவரிடம் ஒன்றும் கிடையாது. பாதி நாள் வரியை மறந்துவிட்டு முழிப்பார். யாராவது சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பார்கள். அவர் முடித்ததும் முதல் ஆளாகப் பதில் எடுப்பது எசக்கியம்மை.

எசக்கியம்மைக்கு அறுபது வயது. உப்பு வாருகிறவள். மூன்றாவது தூண் அவள் இடம். உப்புக் காற்றில் வெந்த தொண்டை, ஆம்பிளைக் குரல் போல அடியில் கிடக்கும். அரைத் தாளம் பிந்தித்தான் எடுப்பாள். அவளுக்காக நானும் ஜால்ராவை அரைத் தாளம் நிறுத்திப் போடுவேன். அவள் எடுத்தால் கூடம் எடுக்கும். யாரும் சொல்லி வைத்ததில்லை. அப்படியே பழகிப்போயிருந்தது.

பொன்னுலிங்கம் காலமானதும், முன்பாட்டுக்கு மாசிலாமணி அண்ணாச்சிதான் என்று ஜனங்களே சொன்னார்கள். அம்மா சரி என்றார்.

முதல் வெள்ளிக்கிழமை அண்ணாச்சி வாயைத் திறந்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பொய் சொல்லக் கூடாது. நானும்தான் அசந்துபோனேன். அடுத்த வாரம் கூட்டம் இரண்டு மடங்கு. அதற்கடுத்த மாதம் டவுனிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்தார்கள். செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள்.

ஆனால் ஐந்தரைக் கட்டையில் பாடினால் உப்பளத்து ஜனம் எங்கே போகும்? எட்டிப் பிடிக்கப் பார்த்தார்கள். சிலருக்கு இருமல் வந்தது. சிலர் உதட்டை மட்டும் அசைத்தார்கள். எசக்கியம்மை ஒருத்திதான் விடாமல், தன் தொண்டையில் என்ன இருக்கிறதோ அதை வைத்துக்கொண்டு எடுத்தாள்.

ஒருநாள் பூசை முடிந்ததும் அண்ணாச்சி அவளிடம் போனார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. சுருதி கலையுது. நீங்க மனசுக்குள்ள பாடுங்களேன்."

எசக்கியம்மை அவரைப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

நான் பக்கத்தில்தான் ஜால்ராவைத் துடைத்துக்கொண்டு நின்றேன். எல்லாம் கேட்டது. அவர் சொன்னது சரி என்றுதான் எனக்கும் அன்றைக்குப் பட்டது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அதற்கப்புறம் பின்பாட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. அண்ணாச்சி "கூப்பிட வந்தோம்" என்று எடுத்து, அதை மேலே கொண்டுபோய், கீழே இறக்கி, திருப்பி மேலே கொண்டுபோய், ஜனங்களின் அடியையும் சேர்த்துத் தானே பாடி முடிப்பார். யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. கேட்கச் சுகமாக இருந்தது. எசக்கியம்மை வாரம் தவறாமல் வந்தாள். மூன்றாவது தூணில் சாய்ந்து, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இப்படி ஒன்றரை வருஷம். போன ஆனி மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. அண்ணாச்சி கடைசி அடியைப் பாடி நிறுத்தினார். பிறகு டவுன்காரர் ஒருவர் கை தட்டினார். அதைப் பார்த்துப் பக்கத்து வரிசை தட்டியது. கூடம் முழுக்கப் படபடவென்று தட்டியது.

விளக்கு முன்னால் கைதட்டல் கேட்டது அன்றைக்குத்தான். அண்ணாச்சி பழக்கதோஷத்தில் எழுந்து ஜனங்களைப் பார்த்துக் கும்பிட்டார். அவருடைய முதுகு விளக்கைப் பார்த்து இருந்தது. உலகம்மை அம்மா கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலையில் அம்மா சொன்னார், "அண்ணாச்சி, வர்ற வெள்ளிக்கிழமை நீங்க முன்பாட்டுக்கு உக்கார வேண்டாம்."

அண்ணாச்சி முகம் செத்துப்போயிற்று.

"நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

அம்மா திரி நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அவங்களா தட்டினாங்க. நான் தட்டச் சொல்லலையே."

"இல்லை."

"பின்னே? கேக்கக் கூடாதுன்னு இருந்ததை நீங்க கேக்க வச்சுட்டீங்க. கேட்டுருதேன். ஆறு வருஷமாச்சு இங்க வந்து. இந்த வாய் கூப்பிடாத கூப்பாடு இல்லை. ஒரு சத்தம், ஒரு சொப்பனம், ஒரு அடையாளம்? ஒண்ணும் கிடையாது. கல்லுகிட்டப் பாடினாலும் எதிரொலியாவது வரும். ஏம்மா சாமி எனக்குப் பதில் சொல்லலை?"

அம்மா அடுத்த திரியை எடுத்தார்.

"நாடகக் கம்பெனிக்காரன் திரும்பக் கூப்பிடுதான். வர்ற சனிக்கிழமை காலைல வேன் அனுப்புதேங்கான். அதுக்குள்ள எனக்கு விடை தெரியணும். தெரியலைன்னா போயிருதேன். அங்கயாவது பாடினா யாராவது ஏதாவது சொல்லுவாங்க."

இதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. அந்த மனுஷருக்கு அம்மாவை விட்டால் வேறு யாருமில்லை.

அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"வலை இழுத்திருக்கீங்களா, அண்ணாச்சி?"

"வலையா?"

"கடற்கரையில சந்தியாகுன்னு ஒருத்தர் கரைவலை போடுதார். நாளைக்கு ஞாயித்துக்கிழமை, அவங்களுக்குக் கோயில் நாள். திங்கக்கிழமை போங்க. நாலு நாள் கயிறு பிடிச்சிட்டு வாங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "பிச்சையாண்ணே, நீங்களும் கூடப் போங்க."

"நான் எதுக்கும்மா? எனக்கு இடுப்புப் பிடிப்பு."

"அன்னைக்கு எசக்கியக்காகிட்ட இவர் சொன்னப்ப நீங்களும் கேட்டுக்கிட்டுத்தானே நின்னீங்க."

மறுபேச்சு இல்லாமல் தலையாட்டினேன். அதை அவருக்கு யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது.

திங்கட்கிழமை விடியும்போது கரையில் நின்றோம். கரைவலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வலையைப் படகில் கொண்டுபோய்க் கடலுக்குள் வட்டமாக விட்டுவிட்டு வருவார்கள். இரண்டு பக்கக் கயிறும் கரைக்கு வரும். பக்கத்துக்கு இருபது பேர் நின்று இழுக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுத்தால்தான் வலை நேராக வரும். வலையின் அடி மணலோடு ஒட்டி வர வேண்டும். தூக்கினால் மீன் அடியில் நுழைந்து போய்விடும்.

சந்தியாகு நடுவில் நின்று பாடினார். அறுபதை நெருங்குகிற மனுஷர். வாய் நிறைய வெற்றிலை. அதைப் பாட்டு என்று சொல்வதற்கே யோசிக்க வேண்டும். மாதாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை, காற்றைத் திட்டி ஒரு வார்த்தை, எங்களைக் கேலி செய்து ஒரு வார்த்தை.

"மடத்துச் சாமியாரு கையப் பாரு" என்று எங்களைப் பார்த்து எடுத்தார்.

"ஏலோ" என்றார்கள் நாற்பது பேரும். அந்த ஏலோவில்தான் கயிறு நகர்ந்தது. சந்தியாகு பாடும்போது ஆட்கள் மூச்சு வாங்கிக்கொண்டு கையை முன்னால் மாற்றிப் பிடிப்பார்கள். பதில் சொல்லும்போது இழுப்பார்கள்.

இரண்டு நாள் இப்படிப் போயிற்று. அண்ணாச்சிக்கு உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துவிட்டது. மேடையில் ரோஜாப்பூ பிடித்த கை. ஒரு வார்த்தை முனகவில்லை. நான்தான் முனகினேன்.

புதன்கிழமை வலை பாதி வந்திருக்கும்போது இளவட்டங்கள் ஆரம்பித்தார்கள். "நாடகத்து ராஜாவைக் கையில வச்சிக்கிட்டு நாம சந்தியாகு மாமா பாட்டைக் கேக்கணுமா? அண்ணாச்சி பாடட்டும்."

சந்தியாகு வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பாடுங்க அண்ணாச்சி," என்று ஒதுங்கிக்கொண்டார்.

அண்ணாச்சி பாடினார். மாதாவின் பேரைத்தான் எடுத்தார். கடல் பக்கம் பார்த்து அந்தக் குரல் ஏறியது. சுற்றியது. நின்றது. மறுபடி ஏறியது. எங்கள் பக்கத்து இருபது பேரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நானும் கேட்டுக்கொண்டே நின்றேன். கையில் கயிறு தொய்ந்தது எனக்குத் தெரியவே இல்லை.

அண்ணாச்சி எங்கள் பக்கத்துக் கயிற்றோரம் நின்று பாடியதால், கடல் காற்றில் மறுபக்கத்துக்குப் பாட்டு சரியாகக் கேட்கவில்லை. அவர்கள் தங்கள் போக்கில் இழுத்துக்கொண்டே இருந்தார்கள். வலை கோணிக்கொண்டது. ஓர் ஓரத்தில் தண்ணீர் படபடவென்று கொதித்தாற்போல் ஆனது. சாளை மீன் கூட்டம். அடிக்கயிறு தூக்கியதும் மொத்தமும் வெளியே ஓடிவிட்டது.

"ஏய், இழுங்கலே!" என்று யாரோ கத்தினார்கள். இழுத்தோம். வலை கரைக்கு வந்தபோது அதில் பாசியும் சொறிமீனும் அரைக்கூடைச் சாளையும் கிடந்தன.

நாற்பது பேருடைய காலைப் பாடு அது. கூடையோடு காத்துக்கொண்டிருந்த பெண்கள் வெறுங்கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அண்ணாச்சி மணலில் உட்கார்ந்துவிட்டார்.

சந்தியாகு பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"நாங்க எப்ப இழுக்கணும்?"

"நான் பாடி முடிச்சதும்."

"நீங்க முடிக்கவே இல்லையே."

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார்.

"குத்தமாச் சொல்லலை. இந்த மாதிரிக் குரலை நான் கேட்டதே இல்லை. ஆனா எங்க இடத்தையும் சேத்து நீங்களே பாடிட்டீங்க."

அண்ணாச்சி நிமிர்ந்து கேட்டார், "நீங்க எதை வச்சுப் பாடுதீங்க? சுருதி எப்படி எடுக்கீங்க?"

"சுருதியா? அதெல்லாம் எனக்கு எங்க தெரியும்?" சந்தியாகு கயிற்றின் கடைசியில் நின்ற ஒல்லியான ஆளைக் காட்டினார். "அந்தா நிக்கானே சிலுவை, அவனுக்கு மூச்சிரைப்பு. நான் அவன் வாயைத்தான் பாத்துக்கிட்டு நிப்பேன். அவன் ஏலோ சொல்லி முடிச்சு, மூச்சும் வாங்கிட்டான்னா அடுத்த வார்த்தை."

"அந்த ஒரு ஆளுக்காக மத்த எல்லாரும் நிக்கணுமா?"

"நிக்காட்டா அவன் பிடியை விட்ருவான். அவன் விட்டா முன்னால நிக்கவன் கையைக் கயிறு அறுத்துட்டுப் போயிரும்," என்று தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். குறுக்கே ஒரு பழைய வடு இருந்தது.

திரும்பி வரும்போது தேரி மணலில் கால் புதைந்தது. பாதி வழியில் அண்ணாச்சி கேட்டார்.

"பிச்சையா, எசக்கியக்கா இப்ப பாடுதாங்களா?"

"இல்லை."

"எத்தனை நாளா?"

"நீங்க சொன்ன நாள்லேருந்து."

"ஆனா வாராங்களே."

"ஒரு வெள்ளி தப்பாம வாரா."

இன்னும் கொஞ்ச தூரம் நடந்தோம்.

"அவங்க எந்தக் கட்டையில பாடுவாங்க?"

"என்னைக் கேட்டா? கலையுதுன்னு சொன்னவருக்குத்தான் தெரியணும்."

சொன்ன பிறகு ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது. ஆனால் அவர் கோபப்படவில்லை. கொப்பளித்த கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு மணலில் ஏறினார். மறுநாளும் கரைக்கு வந்து, கடைசி ஆளான சிலுவைக்குப் பக்கத்தில் நின்று கயிறு பிடித்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மாவிடம் போய் நின்றார்.

"அம்மா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் நான் முன்பாட்டுப் பாடட்டுமா?"

அம்மா அவர் கையைப் பார்த்தார். "பாடுங்க," என்றார்.

பொழுது சாய்ந்தது. கூடம் நிறைந்திருந்தது. டவுன்காரர்கள் முன்வரிசையில், செல்போனும் கையுமாக. எசக்கியம்மை மூன்றாவது தூணில். அண்ணாச்சி வழக்கமாக உட்காரும் மணைப் பலகையைத் தள்ளி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். சுருதிப் பெட்டியை எடுத்து ஐந்தரையிலிருந்து கீழே இறக்கினார். நாலு, மூன்று, இரண்டு, ஒன்றரை. பெட்டி அடியிலிருந்து உறுமியது. அந்தச் சுருதியில் அவர் பாடி நான் கேட்டதே இல்லை.

"கூப்பிட வந்தோம் உன் வாசல்," என்று எடுத்தார். நேராக, ஒரு வளைவு சுளிவு இல்லாமல். நிறுத்தினார்.

கூடம் சும்மா இருந்தது. மேலே என்ன பாடப்போகிறார் என்று காத்திருந்தார்கள். பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஒன்றரை வருஷமாக அவர்களுடைய அடியையும் அவரேதான் பாடினார்.

மறுபடி எடுத்தார். "கூப்பிட வந்தோம் உன் வாசல்."

ஒன்றும் இல்லை. முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "தொண்டை கட்டியிருக்கா?" என்று கேட்டது எனக்கே கேட்டது. செல்போனைத் தூக்கியிருந்த பையன் கையை இறக்கினான்.

மூன்றாவது தடவை எடுக்கும்போது அண்ணாச்சியின் குரல் உடைந்தது. அவ்வளவு அடியில் அதற்கு வலு இல்லை. ராஜா இல்லை, மேடை இல்லை. வெறுமனே ஒரு வயசாளி கூப்பிடுகிற குரல். "கூப்பிட வந்தோம்" வரைக்கும் வந்தது. "உன் வாசல்" காற்றாகப் போயிற்று.

அப்புறம் நிசப்தம். என்னால் தாங்க முடியவில்லை. ஜால்ராவையாவது தட்டி அதை மூடிவிடலாம் என்று கையைத் தூக்கினேன். எதிரே உலகம்மை அம்மா என்னைப் பார்த்தார். கை அப்படியே நின்றது.

அண்ணாச்சி யாரையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் முழங்காலைப் பிடித்திருந்தன.

அப்போது மூன்றாவது தூணிலிருந்து, அரைத் தாளம் பிந்தி, உப்பில் வெந்த அந்தத் தொண்டை எடுத்தது.

"கும்பிட வந்தோம் உன் வாசல்."

அவ்வளவுதான். அவளுக்குப் பின்னால் பனையேறிகள் எடுத்தார்கள். பீடிக்காரப் பெண்கள் எடுத்தார்கள். கூடத்தில் யார் எடுத்தார்கள், யார் எடுக்கவில்லை என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. என் ஜால்ரா எனக்கே கேட்கவில்லை. டவுன்காரர்கள் முதலில் திருதிருவென்று முழித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களும் பாடினார்கள். அன்றைக்குக் கடைசியில் யாரும் கை தட்டவில்லை. எல்லாருக்கும் தொண்டை வறண்டிருந்தது. பானைத் தண்ணீருக்கு வரிசையாக நின்றார்கள்.

அண்ணாச்சி எசக்கியம்மையிடம் போனார்.

"அக்கா, என்னை மன்னிச்சிருங்க."

"அது கெடக்கட்டும்," என்றாள் அவள். "இனிமேலும் இதே மாதிரித் தணிச்சுப் பாடுங்க. எட்டாத உசரத்துல கொண்டு வச்சா நாங்க எப்படி எடுக்க?"

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துக்கொண்டு நான் வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை காலையில் மடத்துக்கு வந்தால், அண்ணாச்சி தகரப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா முன்னால் நிற்கிறார்.

"கிளம்பியாச்சா?" என்றார் அம்மா.

"ஆமாம்மா. சொல்லிட்டுப் போகலாம்னு நின்னேன்."

"நேத்து எல்லாரும் பாடினாங்களே."

"பாடினாங்க. எனக்கு அழுகையே வந்துட்டு. செத்தாலும் மறக்க மாட்டேன்." பெட்டியைக் கீழே வைத்தார். "ஆனா அது ஜனங்க சொன்ன பதில். நான் கேட்டு வந்தது அது இல்லையேம்மா. சாமி இன்னும் வாயைத் திறக்கலை."

அம்மா ஒரு திரியை நறுக்கினார். இன்னொன்றை நறுக்கினார்.

"உக்காருங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி உட்கார்ந்தார்.

"நேத்து எத்தனை தடவை கூப்பிட்டீங்க?"

"மூணு தடவை."

"மூணாவது தடவை கூப்பிட்டுட்டு எம்புட்டு நேரம் இருந்தீங்க?"

அவர் யோசித்தார். "மூணு மூச்சு நேரம் இருக்கும்."

"எப்படி இருந்துச்சு?"

"அதைச் சொல்ல முடியாதும்மா."

"சொல்லுங்க."

"உசிர் போயிரும்போல இருந்துச்சு. எல்லாருக்கும் கேட்டிருக்கு, எனக்குத் தெரியுது. அவங்களுக்கு வாயும் இருக்கு. ஆனா எடுக்க மாட்டேங்காங்க. எந்திரிச்சு ஓடிரலாமான்னு இருந்துச்சு. ஓடினா அப்புறம் அவங்க எடுக்கும்போது நான் அங்க இருக்க மாட்டேனேன்னு உக்காந்துட்டேன். யாராவது ஒருத்தர், எவ்வளவு மோசமாப் பாடினாலும் சரி, ஒரு வார்த்தை எடுத்தாப் போதும்னு இருந்துச்சு."

"நீங்களே பாடி முடிச்சிருக்கலாமே. இத்தனை நாள் அப்படித்தானே செஞ்சீங்க."

"அது அவங்க அடிம்மா. அதை நான் எப்படிப் பாட?"

வாசலில் வேன் வந்து நின்றது. ஹாரன் அடித்தது. அண்ணாச்சி பெட்டியின் பிடியில் கையை வைத்தார்.

அம்மா கத்தரியைக் கீழே வைத்தார்.

"மூணு மூச்சு நேரம்," என்றார். "நீங்க பொறந்ததுலேருந்து உங்களைக் கூப்பிட்டுட்டு சாமி ஐம்பத்தாறு வருஷமா அப்படித்தான் உக்காந்திருக்கு, அண்ணாச்சி."

வேன் இன்னொரு தடவை ஹாரன் அடித்தது. அண்ணாச்சி எழுந்திருக்கவில்லை. பெட்டியின் பிடியிலிருந்து கை தானாக நழுவியது. விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேன்காரனிடம் சொல்ல நான்தான் வாசலுக்குப் போனேன்.